ஏரிக்கரை மரவீட்டில் நண்பர்களோடு சில நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டுக்கு நடுவே ஓர் ஏரி, ஏரியை ஒட்டி ஒரு பழைய மரவீடு. மின்சாரம் கிடையாது, குழாயில் தண்ணீர் வராது, போனில் சிக்னல் இருக்காது. அப்படி ஓர் இடத்தில் நண்பர்களோடு நாலு நாள் தங்கிவிட்டு வர ஆசைப்படுகிறவர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். அந்த வீட்டில் வேலை உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் சுமக்க வேண்டும், விறகு பிளக்க வேண்டும், தீ அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் சேர்ந்து செய்கிற கூட்டத்துக்கு அந்த நாட்கள் ஆயுசுக்கும் மறக்காது. வேலையைத் தொந்தரவாக நினைத்துப் போகிறவர்கள் இரண்டாம் நாளே மூட்டை கட்டிவிடுவார்கள்.

எத்தனை பேர் போகலாம்?

நாலு பேர் முதல் ஆறு பேர் வரை. இரண்டே பேர் போனால், ஒருவருக்கு அடிபட்டால் மற்றவர் அவரைத் தனியே விட்டுவிட்டு உதவி தேடிப் போக வேண்டிவரும். அதனால் மூன்றுக்குக் குறைய வேண்டாம். ஆறுக்கு மேல் போனால் அடுப்பும் பாத்திரமும் போதாது. கூட்டமும் தானாகவே இரண்டாகப் பிரிந்துவிடும்.

யாரை அழைத்துப் போவது?

இதைத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். கலகலப்பாகப் பேசுகிறவர் எல்லாரும் காட்டில் நல்ல துணையாக இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது, யாரும் சொல்லாமலே எழுந்து தட்டுகளை எடுத்து வைத்தவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். அவரை முதலில் கூப்பிடுங்கள்.

கிளம்பும் முன் எல்லாரும் உட்கார்ந்து சில விஷயங்களை ஒளிக்காமல் பேசிக்கொள்ள வேண்டும். யாருக்கு நீச்சல் தெரியும், யாருக்குத் தெரியாது. யார் தினமும் மருந்து சாப்பிடுகிறார், அந்த மருந்து தீர்ந்தால் என்ன ஆகும். யாருக்கு எந்த உணவு ஒத்துக்கொள்ளாது, தேனீ கொட்டினால் யாருக்கு உடம்பு வீங்கும். இருட்டுக்குப் பயப்படுகிறவர் இருந்தால் அதையும் சொல்லிவிடட்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை. குறட்டை விடுகிறவருக்கு எந்த மூலை என்பதையும் அப்போதே முடிவு செய்துவிட்டால் நல்லது.

எத்தனை நாள் தங்கலாம்?

குறைந்தது மூன்று இரவு. முதல் நாள் சாமான் இறக்கி, தூசு தட்டி, அடுப்பைப் பழகிக்கொள்வதிலேயே போய்விடும். கடைசி நாள் வீட்டைச் சுத்தம் செய்து பூட்டுவதில் போகும். நடுவே இரண்டு முழு நாளாவது கையில் இருக்க வேண்டாமா? பையில் இருக்கும் போனைக் கை தேடுவதை நிறுத்தவே ஒரு நாள் ஆகிறது.

எந்தப் பருவத்தில் போவது நல்லது?

குளிர்காலம் கடுமையாக வருகிற பகுதிகளில் கோடையின் கடைசியும் அதை அடுத்த சில வாரங்களும்தான் என் தேர்வு. காற்றைவிடத் தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும். பனி உருகிய பின் வெயில் சுள்ளென்று அடிக்கும், கரையில் சட்டை போட முடியாத சூடு இருக்கும்; ஆனால் ஏரியில் கால் வைத்தால் விறைத்துப் போகும். அந்த மாதங்களில் வெயிலை நம்பி ஏரியில் குதிப்பது ஆபத்து. கோடை முடிகிறபோது நிலைமை மாறிவிடும்: பகல் இதமாக இருக்கும், தண்ணீரில் கோடையின் சூடு மிச்சமிருக்கும், கொசுவும் பெரும்பாலும் குறைந்திருக்கும்.

ஆழமான ஏரிகளில் கோடைகாலத்தில் தண்ணீர் அடுக்கடுக்காக நிற்கும். மேலே வெதுவெதுப்பு, அதற்குக் கீழே சட்டென்று சில்லிப்பு. 4 டிகிரி செல்சியஸில்தான் தண்ணீருக்கு அடர்த்தி அதிகம், அதனால் குளிர்ந்த நீர் அடியில் தங்கிவிடுகிறது. மேலே நீந்துகிறபோது சுகமாக இருக்கிறதே என்று மூழ்கிப் பார்க்கிறவர் அந்தக் குளிரில் திடுக்கிட்டுப் போவார்.

உறைந்த ஏரியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருவர் நடந்து போகக் குறைந்தது 10 சென்டிமீட்டர் கனமுள்ள, கண்ணாடி போன்ற தெளிந்த பனிக்கட்டி தேவை என்பது பொதுக் கணக்கு. வெண்மையான பனிக்கட்டிக்கு அந்த வலு இல்லை. ஓடை வந்து கலக்கிற இடத்தில் கனம் குறைவாக இருக்கும். அந்த ஏரியைப் பல வருடம் பார்த்த உள்ளூர்க்காரர் இல்லாமல் அதன்மேல் கால் வைக்காதீர்கள்.

வாடகைக்கு எடுக்கும் முன் வீட்டுக்காரரிடம் என்ன கேட்க வேண்டும்?

தண்ணீர் எங்கிருந்து எடுக்க வேண்டும், அது குடிக்கத் தகுந்ததா. வீட்டைச் சூடாக்க விறகடுப்பா, கேஸா. புகைபோக்கியை எப்போது கடைசியாகச் சுத்தம் செய்தார்கள். விறகு அங்கேயே இருக்குமா. கழிப்பறை எப்படி. படகு இருந்தால் எல்லார் உடம்புக்கும் பொருந்துகிற லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா. கடைசி ஒரு கிலோமீட்டர் வண்டி போகுமா, இல்லை சாமானைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டுமா. மழை பெய்தால் அந்த வழி திறந்திருக்குமா. சிக்னல் கிடைக்கிற மிக அருகிலுள்ள இடம் எது.

வீட்டின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும் வாங்கி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் கதவு எண் கிடையாது. அவசரத்தில் உதவிக்கு வருகிறவர்களுக்கு அந்த எண்கள்தான் விலாசம்.

என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

நீளப் பட்டியல் போட எனக்கு விருப்பமில்லை. பட்டியல் நீள நீளச் சுமையும் கூடும். ஆனால் சிலவற்றை விடவே கூடாது. தலையில் மாட்டுகிற டார்ச் ஆளுக்கு ஒன்று வேண்டும். கையில் பிடிக்கிற டார்ச்சை வைத்துக்கொண்டு இருட்டில் விறகு எடுக்க முடியாது. தீப்பெட்டியும் லைட்டரும் நனையாத டப்பாவில், இரண்டு வெவ்வேறு பையில். முதலுதவிப் பெட்டி. மழைக்கோட்டு. பருத்திக்குப் பதில் கம்பளி அல்லது சீக்கிரம் காய்கிற துணி, ஏனென்றால் நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். இரவில் மட்டும் போட்டுக்கொள்ள ஒரு ஜோடி உலர்ந்த காலுறையைத் தனியே மூடி வையுங்கள். எவ்வளவு நனைந்த நாளானாலும் படுக்கும்போது கால் காய்ந்திருந்தால் தூக்கம் வந்துவிடும்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும், கூடுதல் பேட்டரியும். ஏன் என்பதை அடுப்புக் கேள்வியில் சொல்கிறேன்.

ஏரித் தண்ணீரைக் குடிக்கலாமா? கண்ணாடி மாதிரி இருக்கிறதே!

அப்படியே குடிக்கக் கூடாது. தெளிவுக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. மேலே எங்கோ ஓடையில் ஒரு விலங்கு கழித்த கழிவு போதும், ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகள் கண்ணுக்குத் தெரியாமல் வந்து கலந்துவிடும். ஜியார்டியா உடனே காட்டிக்கொடுக்காது. வீடு திரும்பி ஒன்றிரண்டு வாரம் கழித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார வைக்கும். காரணம் அந்த ஏரி என்று அப்போது தோன்றக்கூடத் தோன்றாது.

நம்பகமான வழி கொதிக்க வைப்பதுதான். தளதளவென்று கொதி வந்த பின் 1 நிமிடம் போதும். கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேல் இருந்தால் 3 நிமிடம், ஏனென்றால் உயரத்தில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். கலங்கலாக இருந்தால் முதலில் தெளியவிட்டுத் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். கையில் எடுத்துப் போகிற வடிகட்டிகளில் 0.2 மைக்ரான் அளவு நுண்துளை உள்ளவை ஒட்டுண்ணியையும் பாக்டீரியாவையும் தடுக்கும். வைரஸ் அதைவிட நுண்ணியது, தப்பி வந்துவிடும். குளோரின் மாத்திரையோ இதற்கு நேர்மாறு. வைரஸையும் பாக்டீரியாவையும் கொல்லும், கிரிப்டோஸ்போரிடியத்திடம் தோற்றுப்போகும்.

கொதிக்க வைத்தும் பயனில்லாத ஒன்று உண்டு: நீலப்பச்சைப் பாசி. வெயில் காலத்தில் காற்றில்லாத மூலைகளில் பச்சைப் பெயின்டைக் கொட்டியது போல மிதக்கும். அதில் சில வகைகள் நஞ்சு சுரக்கும். கொதித்தாலும் அந்த நஞ்சு போகாது. அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம், அதில் குளிக்கவும் வேண்டாம். நாயை அழைத்துப் போயிருந்தால் கயிற்றை விடாதீர்கள், அதை நக்கிய நாய்கள் இறந்திருக்கின்றன.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று கணக்குப் போடுங்கள். ஆறு பேருக்கு 24 லிட்டர். அதைச் சுமந்து, விறகு எரித்து, கொதிக்க வைத்து, ஆறவிட வேண்டும். இரவு அடுப்பு எரிகிறபோதே மறுநாளைக்கான தண்ணீரைக் கொதிக்க வைத்து மூடி வைப்பது எங்கள் பழக்கம்.

சமையலுக்கு எப்படித் திட்டமிடுவது?

சீக்கிரம் கெடுவதை முதலில் தீர்த்துவிடுங்கள். கடைசி நாளுக்குத் தானியமும் பயறும் மிஞ்சட்டும். முதல் இரவுச் சாப்பாட்டை வீட்டிலேயே சமைத்து உறைய வைத்து எடுத்து வந்தால், வழி நெடுகப் பெட்டிக்குள் பனிக்கட்டி வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். வந்து இறங்கியதும் சூடாக்கினால் போதும். ஒரே பாத்திரத்தில் முடிகிற சமையலாக இருக்கட்டும். ஒரு நாள் உணவைக் கூடுதலாகவே வையுங்கள். வழி அடைபட்டால் தேவைப்படும்.

விறகடுப்பைப் பற்ற வைத்துப் பழக்கமே இல்லை. என்ன செய்வது?

பொறுமை இருந்தால் வந்துவிடும். முதலில் விறகைப் பாருங்கள். வெட்டிய சூட்டில் இருக்கும் மரத்தில் எடையில் பாதி வரை தண்ணீர் இருக்கலாம். அதைப் போட்டால் புகையும் கரியும்தான் மிச்சம். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்க, பிளந்து அடுக்கிய விறகுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். காய்ந்த விறகின் முனையில் வெடிப்பு ஓடியிருக்கும். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கும், ஈர விறகு சொத்தென்று சத்தம் போடும்.

எங்கள் முதல் பயணத்தில் இது தெரியாமல், மழையில் நனைந்த கட்டைகளை இரண்டு மணி நேரம் ஊதிக்கொண்டிருந்தோம். கண்ணெல்லாம் சிவந்து, கடைசியில் ஆறிப்போன ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டுப் போர்வைக்குள் சுருண்டோம். மறுநாள் காலையில் வீட்டின் பின்பக்கத் தாழ்வாரத்தில் பார்த்தால், காய்ந்த விறகு ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தது.

பற்ற வைக்கும் முன் புகைபோக்கியின் அடைப்புத் தகடு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பல நாள் எரியாத புகைபோக்கியில் குளிர்ந்த காற்று கனமாக உட்கார்ந்திருக்கும். புகையை மேலே விடாமல் வீட்டுக்குள் தள்ளும். ஒரு காகிதச் சுருளைக் கொளுத்திப் புகைபோக்கியின் வாயருகே சில நொடி பிடித்தால் உள்ளே சூடேறி இழுவை பிடித்துக்கொள்ளும். பிறகு விரல் கனத்தில் சுள்ளி, அது பிடித்ததும் மணிக்கட்டுக் கனத்தில் கட்டை, அதன்பின் பெரிய விறகு. தொடக்கத்தில் காற்றுத் துவாரம் முழுக்கத் திறந்திருக்கட்டும்.

இனி அலாரம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் போய் ஒட்ட வேண்டிய இடத்தில், அதைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு இது ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று தொடங்கும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. எத்தனை குளிரானாலும் கரி அடுப்பையோ, வெளியில் வைக்கிற கேஸ் அடுப்பையோ சூட்டுக்காக உள்ளே கொண்டுவராதீர்கள். விறகடுப்பு எரிகிற அறையில் ஒரு ஜன்னல் விரற்கடை அளவாவது திறந்திருக்கட்டும். இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் காரணம் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம், எல்லாரும் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

விறகை ஊரிலிருந்தே எடுத்துப் போகலாமா?

வேண்டாம். மரப்பட்டைக்குள் வண்டும் புழுவும் முட்டையும் ஒளிந்து பயணம் செய்யும். ஆசியாவைச் சேர்ந்த ஒரு பச்சை வண்டு 2002ல் அமெரிக்காவின் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்டது. அது வட அமெரிக்காவில் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களை அழித்துவிட்டது. அது நெடுந்தொலைவு பரவ, மனிதர்கள் வண்டியில் ஏற்றிப்போன விறகு ஒரு பெரிய காரணம். நீங்கள் ரசிக்கப் போகிற காட்டுக்கு நீங்களே நோயைக் கொண்டுபோக வேண்டாம். அந்தப் பகுதியிலேயே கிடைக்கிற விறகை எரியுங்கள்.

வெளியே தீ மூட்டி உட்காரலாமா?

அனுமதி இருந்தால், ஏற்கெனவே கல் வைத்துக் கட்டிய குழியில் மட்டும். காற்று பலமாக இருந்தால் அன்றைக்கு வேண்டாம். வறண்ட காலத்தில் பல காடுகளில் முழுத் தடை இருக்கும், அதை மீறுவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. தூங்கப் போகும் முன் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். புறங்கையை அருகே கொண்டுபோனால் சூடு தெரியக் கூடாது. மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போவது தவறு. உள்ளே கங்கு உயிரோடிருக்கும்.

ஏரியில் நீந்துவது, படகு ஓட்டுவது பற்றி?

ஏரிக்கரைக்குப் போய்த் தண்ணீரில் இறங்காமல் எப்படி இருப்பது! இறங்குங்கள். ஆனால் இந்தப் பதிலை மட்டும் எல்லாருக்கும் வாசித்துக் காட்டிவிட்டு இறங்குங்கள்.

15 டிகிரிக்குக் கீழான தண்ணீரில் திடீரென்று விழுந்தால், நம்மை அறியாமலே வாய் பிளந்து மூச்சை உள்ளிழுப்போம். அந்த நொடியில் தலை தண்ணீருக்குள் இருந்தால் உள்ளே போவது தண்ணீர். அடுத்த ஒன்றிரண்டு நிமிடம் மூச்சு தாறுமாறாக இரைக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் அந்த நிமிடங்களில் மூழ்கிப்போகிறார்கள். கடுங்குளிரான நீரில் சுமார் 10 நிமிடத்தில் கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காது. அதனால் விழுந்தவுடன் கை கால் உதறாமல் மல்லாந்து மிதந்து, மூச்சு சீராகும் வரை பொறுக்க வேண்டும். கரையேறுவதைப் பற்றி யோசிப்பது அதற்குப் பிறகுதான்.

லைஃப் ஜாக்கெட் படகில் கிடந்து பயனில்லை, உடம்பில் இருக்க வேண்டும். எங்கள் நண்பர் ஒருவர் நீச்சலில் கெட்டிக்காரர். அமைதியான காலை, கரையிலிருந்து முப்பது மீட்டர்கூட இருக்காது. தூண்டிலை எட்டி எடுக்கப் போய்ப் படகோடு கவிழ்ந்தார். ஜாக்கெட்டை அவர் போட்டிருந்ததற்குக் காரணம், மற்றவர்கள் விடாப்பிடியாக நின்றதுதான். கரைக்குக் கொண்டுவந்தபோது அவரால் அதன் கொக்கியைக்கூடக் கழற்ற முடியவில்லை, விரல்கள் மடங்கவே இல்லை. நாங்கள் கழற்றிவிட்டோம். ஈரத் துணியை மாற்றி, போர்த்தி, அடுப்புப் பக்கம் உட்கார வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகக் குடிக்கக் கொடுத்தோம். அரை மணி நேரம் அவர் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை.

படகு கவிழ்ந்தால் படகை விட்டுவிட்டு நீந்திப் போகாதீர்கள். அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் மிதக்கவும் முடியும், தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குக் கண்ணிலும் படுவீர்கள். கரையிலிருப்பவர் பதறிக் குதிக்கக் கூடாது. கழியை நீட்டுங்கள், கயிற்றை வீசுங்கள், மிதக்கிற எதையாவது எறியுங்கள். பெரிய ஏரிகளில் பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும் காற்று அடங்கியிருக்கும், மதியத்துக்குமேல் அலை எழும். திரும்பி வருகிற நேரத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். அடி தெரியாத இடத்தில் தலைகீழாகப் பாயக் கூடாது. மது குடித்தவர் அன்றைக்குத் தண்ணீர்ப் பக்கமே போக வேண்டாம்.

குளியல், பாத்திரம் கழுவுதல்?

ஏரிக்குள் சோப்பு கூடாது. இயற்கையில் மட்கும் என்று எழுதியிருக்கிற சோப்பும் மண்ணில்தான் மட்கும், தண்ணீரில் மீனுக்கும் பூச்சிக்கும் கேடுதான். வாளியில் மொண்டுகொண்டு கரையிலிருந்து 60 மீட்டர் தள்ளிப் போய்க் குளியுங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரையும் அவ்வளவு தூரத்தில், பருக்கைகளை வடிகட்டிவிட்டு, பரவலாகத் தெளித்துவிடுங்கள்.

கழிப்பறை?

பெரும்பாலும் வீட்டிலிருந்து தள்ளிக் குழிக் கழிப்பறை இருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு கை மரத்தூளோ ஆறிய சாம்பலோ போட்டால் நாற்றம் அடங்கும். நடைபோன இடத்தில் தேவைப்பட்டால், நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது விலகி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி மூடிவிடுங்கள்.

கொசு, உண்ணி, எலி?

கொசுவுக்கு முழுக்கை, முழுக்கால் சட்டையும் டீட் அல்லது பிகாரிடின் கலந்த பூச்சும் போதும். உண்ணிதான் கவனிக்க வேண்டியது. புல்வெளியில் நடந்து வந்த நாளில் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, தலைமுடி எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். எட்டாத இடத்தை நண்பர் பார்க்கட்டும். கடித்துக்கொண்டிருந்தால் கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். தீயால் சுடுவது, எண்ணெய் ஊற்றுவது எதுவும் வேண்டாம். சில பகுதிகளில் உண்ணி லைம் என்ற பாக்டீரியா நோயைப் பரப்பும், 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும்.

பூட்டிக் கிடந்த வீட்டில் எலிப் புழுக்கை இருந்தால் துடைப்பத்தை எடுக்காதீர்கள். தூசோடு கிருமி மூச்சில் போகும். சில எலிகளிடம் ஹன்டா வைரஸ் இருக்கலாம். கதவு ஜன்னலை அரை மணி நேரம் திறந்து வைத்துவிட்டு, 10 பங்கு தண்ணீரில் ஒரு பங்கு பிளீச் கலந்து தெளித்து, ஊறவிட்டு, கையுறை போட்டுத் துடைத்தெடுங்கள்.

பெரிய விலங்குகள் வருமா?

காடு அவற்றின் வீடு. சாப்பாட்டு வாசனைதான் அவற்றை வாசலுக்கு அழைத்து வருகிறது, எனவே உணவும் குப்பையும் எப்போதும் கெட்டியாக மூடிய பெட்டியில் வீட்டுக்குள் இருக்கட்டும். இருட்டில் வெளியே போகிறவர் பேசிக்கொண்டு போகட்டும். எந்த விலங்குக்கும் உணவு வைக்காதீர்கள். மனிதரிடம் சாப்பிடப் பழகிய கரடி கடைசியில் சுட்டுத்தான் கொல்லப்படுகிறது. முதலை, நீர்யானை உள்ள நாடுகளில் ஏரியில் இறங்கலாமா என்பதை உள்ளூர்க்காரர் சொன்னால் மட்டுமே நம்புங்கள்.

இடி மின்னல் வந்தால்?

இடி காதில் விழுந்தாலே மின்னல் உங்களை எட்டும் தூரத்தில் இருக்கிறது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 3 நொடி என்றால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். உடனே படகைக் கரையேற்றுங்கள், வீட்டுக்குள் போங்கள். தனியே நிற்கிற மரத்தடி வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகுதான் மறுபடி தண்ணீர்.

போனே எடுக்காது என்றால் அவசரத்துக்கு என்ன வழி?

ஊரில் பொறுப்பான ஒருவரிடம் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்: எங்கே தங்குகிறோம், எந்த வழி, எத்தனை பேர், எந்த நாள் எந்த மணிக்குள் பேசுவோம், பேசாவிட்டால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும். செலவே இல்லாத இந்த ஒரு தாள் பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

அடிக்கடி போகிறவர்கள் சேர்ந்து ஒரு செயற்கைக்கோள் அவசரக் கருவி வாங்கிக்கொள்ளலாம். 1982ல் முதல் செயற்கைக்கோளை ஏவிய காஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு அமைப்பு, 406 மெகாஹெர்ட்ஸில் வருகிற அபாயக் குறியைப் பிடித்து மீட்புக் குழுவுக்குச் சொல்கிறது. சிக்னல் இல்லாத இடத்தில் போன் தேடித் தேடியே பேட்டரியைத் தீர்த்துவிடும், ஏரோபிளேன் மோடில் போட்டு வையுங்கள். எல்லார் கழுத்திலும் ஒரு விசில் இருக்கட்டும். மூன்று முறை ஊதினால் அபாயம் என்று அர்த்தம்.

நாள் முழுக்க மழை பெய்தால் என்ன செய்வது?

கூரையில் மழை விழுகிற சத்தத்தைக் கேளுங்கள். எனக்கு அந்த நாட்கள்தான் அதிகம் பிடிக்கும். ஒருவர் படிப்பார், ஒருவர் தூங்குவார், இருவர் சீட்டு ஆடுவார்கள், ஒருவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ஊரில் இத்தனை வருடமாகச் சொல்லாத ஒன்றை யாராவது அன்றைக்குத்தான் சொல்வார்கள். நிகழ்ச்சி நிரல் போட்டு அந்த நாளைக் கெடுத்துவிடாதீர்கள்.

நண்பர்களுக்குள் மனஸ்தாபம் வந்தால்?

வரும். பெரும்பாலும் பெரிய விஷயத்துக்காக வராது. எச்சில் பாத்திரம், நனைந்த துண்டு, ஒருவரே மூன்றாவது முறையாகத் தண்ணீருக்குப் போவது, இதெல்லாம்தான் காரணம். ஒரு முறை எங்களில் ஒருவர் இரண்டு நாள் பேசாமலே இருந்தார். கேட்டுப் பார்த்தால், விடிகாலையில் எழுந்து தினமும் அவர்தான் அடுப்பு மூட்டியிருக்கிறார். கதகதப்பான வீட்டில் கண் விழித்த நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவே இல்லை. வேலை செய்ததில் அவருக்கு வருத்தமில்லை. யாருக்கும் தெரியவில்லையே என்பதில்தான் வருத்தம்.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அடுப்பு, தண்ணீர், சமையல், பாத்திரம் என்று நாலு வேலை, தினமும் முறை மாறும், எப்போதும் இருவர் இருவராக. இருவராகச் செய்வதுதான் முக்கியம். ஒருவர் விறகு பிளக்க, ஒருவர் அடுக்க, பேச்சு தானே வரும். நேருக்கு நேர் உட்கார்ந்து பேச முடியாததைக் கை வேலையில் இருக்கிறபோது பேசிவிட முடிகிறது. செலவுக் கணக்கைக் கிளம்பும் முன்பே தீர்த்துவிடுங்கள். தனியாக நடந்துவிட்டு வர விரும்புகிறவரிடம் எங்கே போகிறார், எப்போது வருவார் என்று மட்டும் கேட்டுக்கொண்டு விட்டுவிடுங்கள்.

இரவில் பாட்டுப் போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். இரவில் ஏரிப்பரப்பை ஒட்டிய காற்று குளிர்ந்தும், அதற்கு மேலுள்ள காற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். மேலே போகிற ஒலி அந்த இடத்தில் வளைந்து மறுபடி கீழே வரும். அதனால் இந்தக் கரையில் பேசுகிறது அந்தக் கரையில் தெளிவாகக் கேட்கும். அங்கே தங்கியிருப்பவர்களும் அமைதியைத் தேடித்தான் வந்திருப்பார்கள். பறவைகளும் தூங்க வேண்டும்.

அதற்குப் பதில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் படகுத்துறையில் மல்லாந்து படுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், நடுவில் ஒருவர் போனை எடுத்தாலும் எல்லாரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெளிச்சம் வேண்டுமென்றால் சிவப்பு விளக்கு. நிலவில்லாத இரவானால், பால்வீதி வானத்திலும் தெரியும், காற்றில்லாத ஏரியிலும் தெரியும்.

கிளம்புகிற நாளில் என்ன செய்ய வேண்டும்?

அடுப்புச் சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி, வீட்டைவிட்டுத் தள்ளி, மண்மேல் வையுங்கள். சாம்பலுக்குள் கங்கு பல நாள் உயிரோடிருக்கும். அதைக் காகிதப் பையிலோ மரத் திண்ணையிலோ வைத்துப் போனதால் வீடுகள் எரிந்திருக்கின்றன. கொண்டுவந்த குப்பை முழுவதையும் திரும்ப எடுத்துப் போங்கள், பழத்தோல் உட்பட. படகைக் கவிழ்த்து வைத்துக் கட்டுங்கள். வேறு ஏரிக்குப் போகிறதாக இருந்தால் படகையும் தூண்டிலையும் கழுவிக் காயவிட்ட பிறகே போங்கள், ஓர் ஏரியின் பாசியும் சிப்பியும் அடுத்த ஏரிக்குத் தொற்றிவிடும்.

கடைசியாக, நீங்கள் எரித்த அளவு விறகைப் பிளந்து தாழ்வாரத்தில் அடுக்குங்கள். அடுப்புக்குள் காகிதமும் சுள்ளியும் வைத்து, பற்ற வைத்தால் போதும் என்கிற நிலையில் விட்டு, தீப்பெட்டியை மேலே வையுங்கள். அடுத்து வருகிறவர்கள் இருட்டில், மழையில் நனைந்து, நடுங்கிக்கொண்டு வந்து சேரலாம்.